2266-ஐ யாரும் கேட்கவில்லை

கூஸ் லேக்
20 நவம்பர் 2003

அன்புள்ள லவோன் அத்தைக்கு,

டெலிபோன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். முதலில் அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் வெளியூர் அழைப்பு ஒவ்வொன்றும் நம்பரோடு மாத பில்லில் வந்துவிடும். எங்கள் வீட்டு பில்லை அப்பா விரல் வைத்து வரிவரியாகப் படிப்பவர். அந்த பில்லை அச்சடிப்பதே நான்தான் என்றாலும் அதில் நான் கைவைக்கவும் முடியாது. நீங்கள் அக்டோபரில் ரூபன் மாமா வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அப்பா உங்கள் பெயரை எடுப்பதில்லை. கூடப்பிறந்த தங்கைக்கு இப்படிச் செய்கிறாரே என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பித்தப்பை ஆபரேஷன் செய்த இடத்தில் வலி இல்லையே? அந்த டிரெய்லர் வீட்டில் கணப்பு சரியாக எரிகிறதா?

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். வாஷிங்டனில் இருக்கிற மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்திலிருந்து எங்கள் மேனேஜர் டெல்மருக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் படித்துவிட்டு வைத்தேன். இனிமேல் யார் வேண்டுமானாலும் தன் டெலிபோன் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாமாம். வீட்டு எண்ணைச் செல்போனுக்கே கொண்டுபோகலாமாம். பெரிய நகரங்களில் வருகிற திங்கட்கிழமையே தொடங்குகிறது. எங்களைப் போன்ற கிராமத்துக் கம்பெனிகளுக்கு அடுத்த மே மாதம் 24-ஆம் தேதி கெடு.

உங்கள் வீட்டு போன் எண் 2266 யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். உங்கள் பெயரில்தான். மாமா பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கென்று தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எடுத்திருக்கிறேன். எண் 88. பதில் எழுதினால் அங்கே எழுதுங்கள். எழுதாவிட்டாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

அன்புடன்,
ஜெனெல்

•

ஹார்லோ
3 டிசம்பர் 2003

ஜெனெல்லுக்கு,

நலம். கிணற்றுக் குழிக்குள் இறங்கும்போது முழங்கால் முனகுகிறது, அது இருபது வருஷமாக முனகுவதுதான். கணப்பு எரிகிறது, புகையும் வருகிறது. உன் அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லு. உன் அப்பனிடம் ஒன்றும் சொல்லவேண்டாம்.

மன்னிப்புக் கேட்டே ஒரு பக்கத்தைத் தீர்த்துவிட்டாய். நாலு வருஷம் காலேஜில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

நீ கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்கவேண்டும். என் எண்ணை என் செல்போனுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். செல்போன் வாங்கி ஒரு மாதமாக வண்டியில் தொங்குகிறது. அதன் நம்பர் யாருக்குத் தெரியும்? மூன்று மாவட்டத்தில் அறுநூறு பம்புகளின் மேல் நான் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. தண்ணீர் நின்றால் மக்கள் ஸ்டிக்கரைப் பார்த்து 2266-க்குத்தான் போடுவார்கள். அங்கே எடுப்பது உன் மாமா.

போன வாரம் நானே கடையிலிருந்து போட்டுப் பார்த்தேன். குரலை மாற்றிக்கொண்டு, "லவோன் இருக்காங்களா?" என்றேன். "பம்பு வேலையெல்லாம் அவ விட்டாச்சுங்க, வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனுக்கு என் குரல் தெரியவில்லை. நான் அவ்வளவு நன்றாகவும் மாற்றிப் பேசவில்லை.

இன்னும் அந்த வீட்டு போன் பில்லை நான்தான் கட்டுகிறேன். கட்டாவிட்டால் எண் போய்விடும் என்ற பயம். அதனால் எழுதிக்கொள்: லவோன் ஹெய்ன், 2266, கெடு முடிகிற அன்று முதல் ஆளாக எனக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். ஆனால் டெல்மரிடம் போய்ப் பல்லைக் காட்டமாட்டேன். எங்கள் கல்யாணத்தில் ரூபனுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ஆள் அவன். உன்னிடம் சொன்னால் கம்பெனியிடம் சொன்ன மாதிரிதானே.

லவோன் அத்தை

•

கூஸ் லேக்
18 டிசம்பர் 2003

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னேன். பதிலாக ஒரு டப்பா நிறைய பிளம் பழக் கூகன் கேக் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அனுப்ப வழி தெரியாமல் நானே பாதியைத் தின்றுவிட்டேன். மன்னிக்கவும். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்கிறீர்களா?

மே வரை காத்திருக்கவேண்டாமே என்று ஒன்று செய்தேன். 2266-க்கு வருகிற அழைப்பு தானாக உங்கள் செல்போனுக்குப் போகும்படி எக்ஸ்சேஞ்சில் திருப்பிவிட்டேன். எண் உங்களுடையது, பில் கட்டுவதும் நீங்கள். அதனால் தப்பில்லை என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை திருப்பினேன். மதியம் மாமா தன் வீட்டுப் போனிலிருந்தே இரண்டு பொத்தானை அழுத்தி அதை எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி செய்தேன். மறுபடி எடுத்தார். புதன்கிழமை ஆபீஸுக்கே வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டெல்மரோடு காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டெல்மர் என் மேசைக்கு வந்து, "கம்பி எந்த வீட்டுக்குப் போகுதோ நம்பர் அந்த வீட்டோடது. ஒரு மனுஷன் வீட்டு மணி அடிக்காமப் பண்றது நம்ம வேலை இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மே கெடுவைப் பற்றியும் எழுதவேண்டும். நெடுஞ்சாலை ஓரம் கோபுரம் கட்டுகிற செல்போன் கம்பெனி, எண்களை மாற்றித் தரும் ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்று பதிவுத் தபாலில் முறைப்படி கேட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். டெல்மர் படித்தார், மடித்தார், காபி டப்பாவுக்கு அடியில் வைத்தார். பதில் அனுப்பவேண்டாமா என்றேன். "மார்ச்ல மெம்பருங்க கூடுறாங்க, அவங்க சொல்லட்டும். இது கூட்டுறவுச் சங்கம். வாஷிங்டனோட கிளை ஆபீஸ் இல்ல" என்றார். இப்படித் தபால் வந்துவிட்டால் மே கெடு நமக்கும் ஓடும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது என்றேன். ஓடட்டும், அது ஓடி எங்கே போகும் என்றார்.

கிறிஸ்துமஸுக்குத் தனியாகவா இருப்பீர்கள்?

அன்புடன்,
ஜெனெல்

•

ஹார்லோ
11 ஜனவரி 2004

ஜெனெல்லுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றிப் பண்ணையில் பம்பு மாற்றினேன். அவர்களே சாப்பாடும் போட்டார்கள். உனக்குச் சளி பிடித்திருக்கும், வருஷா வருஷம் ஜனவரியில் பிடிக்கும்.

ஷாட்ஸ் வீட்டு விஷயம் தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி இருந்த வாரம் அவர்கள் கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. எண்பது கறவை மாடு. ஸ்டிக்கரைப் பார்த்து 2266-க்குப் போட்டிருக்கிறார்கள். உன் மாமா வழக்கமான பாட்டைப் பாடியிருக்கிறார். மைனாட்டிலிருந்து வேறு ஆள் வர இரண்டு நாள் ஆகிவிட்டது. அதுவரை அந்தப் பெண்ணும் புருஷனும் ஏரிப் பனியைக் கோடாலியால் வெட்டி வெட்டி உருக்கி மாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதி மாட்டுக்குப் பால் வற்றிப்போயிற்று. நான் இருந்தது அவர்களிடமிருந்து இருபது மைல். நாற்பது நிமிஷத்தில் போயிருப்பேன். அந்த மோட்டாரை மாட்டியதே நான்தான், எந்த வயர் விடும் என்றுகூட எனக்குத் தெரியும்.

நேற்று ஷாட்ஸ் பொண்டாட்டியை இங்கே தீவனக் கடையில் பார்த்தேன். "வேலைய விட்டுட்டீங்கன்னாங்களே அக்கா, சொல்லியிருக்கலாமே" என்றாள். வேலையை விட்டவள் மேலெல்லாம் கிரீஸோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் மூன்று மாவட்டமும் என்னை மறந்துவிடும். வண்டியை விற்றுவிட்டு ஏதாவது கடையில் கல்லாவில் உட்காரவேண்டியதுதான்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். என் பெயரை எழுதிவிட்டாயா?

லவோன் அத்தை

•

கூஸ் லேக்
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். சளி பிடித்தது உண்மைதான், இப்போது பரவாயில்லை. நீங்கள் கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொள்கிறீர்களா?

ஷாட்ஸ் வீட்டு விஷயம் இங்கேயும் தெரியும். யாரும் மாமாவைக் குறை சொல்லவில்லை. பாவம் தனியாக இருக்கிறார் என்கிறார்கள்.

ஆபீஸில் ஒரே அமளி. மார்ச் கூட்டம் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பக்கத்துச் சங்கத்து மேனேஜர் போன் செய்து டெல்மரைப் பயமுறுத்திவிட்டார். நாங்கள் சின்னக் கம்பெனி, மே கெடுவிலிருந்து எங்களுக்கு இரண்டு வருஷம் விலக்குக் கொடுங்கள் என்று மாநில ஆணையத்துக்கு மனுப் போடவேண்டுமாம். காபி டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் தபாலின் மேல் வட்டமாகக் கறை. வக்கீல் மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து வந்தார். கழுத்துப் பட்டையில் வாத்துகள் பறக்கும் படம். அந்தக் கறை படிந்த காகிதத்தை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். டெல்மர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அத்தை. எங்களுக்கு இருப்பதே ஆயிரத்து முந்நூறு இணைப்பு. எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்தைச் செய்த கம்பெனி இந்த ஒரு வசதிக்குக் கேட்கிற விலையில் புது அறுவடை இயந்திரமே வாங்கிவிடலாம். யாரோ ஒருவர் எண்ணைத் தூக்கிக்கொண்டு போவதற்கு, எங்கேயும் போகாத கிழவிகள் எல்லோரும் மாதா மாதம் கட்டவேண்டும் என்கிறார். எனக்குப் படிப்புக்குச் சங்கத்திலிருந்து உதவித்தொகை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று என் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டியவரும் அவர்தான். அது இன்னும் தொங்குகிறது. அதன் கீழேதான் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

வக்கீல் நாங்கள் கொடுத்த நேஃப்லா சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அம்மா உங்களை விசாரிக்கிறாள்.

அன்புடன்,
ஜெனெல்

•

ஹார்லோ
17 பிப்ரவரி 2004

ஜெனெல்லுக்கு,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். வக்கீலின் கழுத்துப் பட்டையில் எத்தனை வாத்து என்பதுவரை இப்போது எனக்குத் தெரியும். நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதிலைக் காணோம்.

லவோன்

•

கூஸ் லேக்
22 மார்ச் 2004

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் கூட்டத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. வழக்கம்போல ஹாம், உருளைக்கிழங்கு, கூகன். வழக்கம்போல யார் எதிரே யார் உட்காருவது என்று முதலிலேயே தெரியும். மாமா முதல் வரிசையில் இருந்தார், பக்கத்தில் அப்பா. நான் மேடையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். டெல்மர் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "நம்ம நம்பரத் தூக்கிக்கிட்டுச் செல்போன் கம்பெனிக்குப் போகணும்னு யாருக்காவது இருக்கா? இருந்தா கையத் தூக்குங்க." இருநூறு பேர் இருந்தோம். ஒரு கை எழவில்லை. டெல்மர் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கம்மா. ஒருத்தரும் இல்ல" என்றார். எழுதினேன்.

பிறகு கூகன் மேசையருகே நான் தட்டோடு நின்றபோது மூன்று பேர் தனித்தனியாக வந்து காதோரம் கேட்டார்கள். ஒருத்தர் தானிய லாரி ஓட்டுகிறவர். "எப்ப வருது அது? நம்பர் மாறாதுல்ல?" என்றார். பின் ஏன் கை தூக்கவில்லை என்று கேட்டேன். "டெல்மர் மூஞ்சிக்கு நேராவா?" என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வாகனம் நிறுத்துமிடத்தில் பம்பு ஏணி வைத்த வெள்ளை வண்டி ஒன்று இஞ்சினை அணைக்காமல் நின்றதாகவும் சாப்பாடு முடிவதற்குள் போய்விட்டதாகவும் அம்மா சொன்னாள். நீங்களாக இருக்காது என்றேன்.

இப்போது உங்கள் கேள்வி. எழுதவில்லை அத்தை.

எங்கள் ஆபீஸில் கோரிக்கைப் பதிவேடு என்று பச்சை அட்டை போட்ட புத்தகம் இருக்கிறது. அதை வைத்திருப்பவள் நான். உறுப்பினர் எவர் எது கேட்டாலும் தேதியோடு அதில் ஏறவேண்டும். ஆனால் நம் ஊரில் யார் ஆபீஸுக்கு வந்து கேட்கிறார்கள்? மளிகைக் கடையில் சொல்வார்கள், சர்ச்சில் கோட்டை மாட்டும்போது சொல்வார்கள், மறுநாள் நாங்கள் செய்துவிடுவோம். புத்தகம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். உங்கள் கடிதம் என் சொந்தப் பெட்டிக்கு வந்ததால் அதை வீட்டுக் கடிதம் என்று வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உங்கள் பெயரை எழுதினால் டெல்மர் பார்ப்பார், மாமாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். எனக்குப் பயம்.

மனுவின் ஏழாவது பத்தியில், இந்த வசதியை உறுப்பினர் ஒருவரும் கேட்கவில்லை என்று இருக்கிறது. பதிவேட்டை வைத்திருப்பவர் என்ற முறையில் அதற்குப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான். பிப்ரவரி ஆறாம் தேதி. வாத்துகளைப் பற்றி உங்களுக்கு எழுதுவதற்கு மூன்று நாள் முன்பு.

ஜெனெல்

•

கூஸ் லேக்
19 ஏப்ரல் 2004

அன்புள்ள அத்தைக்கு,

நாலு வாரமாகப் பெட்டி எண் 88 காலியாகவே இருக்கிறது. தபால் நிலையப் பெண்மணி நான் நுழையும்போதே தலையை ஆட்டிவிடுகிறாள். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபம் என்றால் கோபமாகவே இரண்டு வரி எழுதுங்கள். போன தடவை போல இத்யாதி போட்டாலும் சரி.

மே 6-ஆம் தேதி பிஸ்மார்க்கில் விசாரணை. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் என்பதால் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்களாம். சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் டெல்மரிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஏழாவது பத்தியைத் திருத்தலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. 

"அத்தை உனக்கு எழுதுனா அது வீட்டுப் பேச்சும்மா. வீட்டுப் பேச்சையெல்லாம் பதிவேட்டுல ஏத்துனா இந்த ஊர்ல புத்தகம் பத்தாது" என்றார். "ஆபீஸ்ல யாரும் கேக்கல. நீ கையெழுத்துப் போட்டது பொய் இல்ல."

பொய் இல்லை என்றுதான் நானும் இரண்டு மாதமாக நினைத்துப் பார்க்கிறேன்.

ஜெனெல்

•

ஹார்லோ
27 ஏப்ரல் 2004

ஜெனெல்லுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். முதலில் உன்னை நாலு அறை அறையவேண்டும் போல இருந்தது. பிறகு வேலை வந்தது, பிறகு பனி உருகிச் சேறு வந்தது, வண்டி இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. அதனால்தான் பதில் இல்லை. பட்டினி கிடக்காதே. நீ ஏற்கனவே கம்பி மாதிரி இருப்பாய்.

ஆமாம், அந்த வெள்ளை வண்டி நான்தான். உள்ளே வந்து கையைத் தூக்கவேண்டும் என்றுதான் வந்தேன். கதவுவரை வந்தேன். ஹாம் வாசனை அடித்தது. முதல் வரிசையில் அவர்கள் இரண்டு பேருடைய பின்மண்டை தெரிந்தது. திரும்பிவிட்டேன். அறுநூறு கிணற்றுக்குள் இறங்கியவளுக்கு அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. அதனால் பயத்தைப் பற்றி உன்னைத் திட்ட எனக்கு யோக்யதை இல்லை.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுவும் உன் கூச்சம்தான், தெரியும். உன் அப்பன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். செப்டம்பரில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு போன் கிடையாது. அறுவடைக் காலத்தில் எனக்குப் போன் வராமல் இருந்ததே இல்லை. மூன்றாவது வாரம், நான் தூங்குவதாக நினைத்து ரூபன் போனில் பேசுவதைக் கேட்டேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எல்லோரிடமும் நான் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டிருக்கிறார். ஏன் என்றேன். "போதும் லவோன். இனிமே வீட்ல இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வேலையை முடித்துவைத்துவிட்டு, சூப்பையும் சூடாக்கிக் கொடுத்தார்.

கேட்டுக்கொள். எனக்காகப் பொய் சொல்லாதே, எனக்கு எதிராகவும் சொல்லாதே. அவ்வளவுதான். டெல்மர் ஆபீஸுக்கு நான் எழுதமாட்டேன், போனும் பண்ணமாட்டேன். என் எண்ணை என்னிடம் கொடு என்று அவனிடம் கேட்க நான் என்ன பிச்சையா எடுக்கிறேன்?

முட்டையாவது சாப்பிடு.

லவோன் அத்தை

•

கூஸ் லேக்
8 மே 2004

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். விசாரணை முடிந்த பிறகு பிஸ்மார்க்கில் இரண்டு ஹாம்பர்கர் சாப்பிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி? சேறு காய்ந்துவிட்டதா?

நடந்ததைச் சொல்கிறேன். அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மூன்று ஆணையர்கள், நடுவில் இருந்தவர் ஒரு பெண்மணி. எங்கள் வக்கீல் அன்றைக்கு வாத்து இல்லாத பட்டை கட்டியிருந்தார். டெல்மர் ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு கைகூட எழாதது அப்போது ஞாபகம் வந்துவிட்டது.

செல்போன் கம்பெனி வக்கீல் கேட்டார்: "உங்கள் உறுப்பினர் யாராவது இந்த வசதியைக் கேட்டிருக்கிறார்களா?"

"பதிவேட்டில் ஒருவரும் இல்லை" என்றேன்.

"நான் பதிவேட்டைக் கேட்கவில்லை" என்றார்.

 தண்ணீர் குடித்தேன். 

"ஒருவர் கேட்டார். என் அத்தை. டிசம்பர் மூன்றாம் தேதி. கூட்டத்தன்று இன்னும் மூன்று பேர், கூகன் மேசையில்" என்றேன்.

எங்கள் வக்கீல் எழுந்து, உறவினர் பேச்சு கோரிக்கை ஆகாது என்றார். அந்தப் பெண் ஆணையர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், அதை ஏன் பதிவேட்டில் ஏற்றவில்லை என்று கேட்டார்.  "எங்க ஊர்ல யாரும் எழுதிக் கேக்கமாட்டாங்க மேடம். வாயால சொல்வாங்க, நாங்க செஞ்சிருவோம். இத மட்டும் என்கிட்ட சொன்னாங்க, நான் செய்யல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் எதையோ எழுதினார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. 18-ஆம் தேதி வரை விசாரணைக் கோப்பை மூடமாட்டோம், அதற்குள் உண்மையில் யாராவது கேட்டிருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் விலக்குக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வோம் என்றார்கள். நான் அங்கே சொன்னது போதாதாம். உறுப்பினரே கம்பெனியிடம் கேட்டதாக எங்கள் பச்சைப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கவேண்டுமாம். ஒன்றுகூட இல்லையென்றால் இரண்டு வருஷ விலக்கு நிச்சயம் என்று எங்கள் வக்கீல் படியிறங்கும்போது சந்தோஷமாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது டெல்மர் வண்டி ஓட்டினார். இரண்டு மணி நேரம் ரேடியோவில் மாட்டு விலை.  எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "காலைல வருவேல்ல?" என்றார். வருவேன் என்றேன். "அந்தப் பதிவேட்ட நீயே வச்சுக்க. என் கையில குடுக்காத" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். என் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

லாரிக்காரர் நேற்று மளிகைக் கடையில் என்னைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. சாப்பிடும்போது, "அவ முழங்கால் எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். முனகுகிறதாம் என்றேன்.

அத்தை, ஒன்று கேட்கவேண்டும். இதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நாலு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நீங்கள் மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. டெல்மரிடம் கேட்கச் சொல்லவில்லை. வருகிற வியாழக்கிழமை, 13-ஆம் தேதி, காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போன் பண்ணுங்கள். எடுப்பது நான்தான். என்னை ஜெனெல் என்று கூப்பிடாதீர்கள், குரலையும் மாற்றாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் எண், என்ன வேண்டும், இந்த மூன்றை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, ஆபீஸில் எல்லோருக்கும் கேட்கும்படி, பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன்.

ஜெனெல்